“நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார்!” – இரத்தக் குழாய் தடிப்பும் நமது குசினியும்

ஜனாஸா வீடுகளில் பெண்கள் கூடியிருக்கும் அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு.

“நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார். இஷாத் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளோடு சிரித்துப் பேசிவிட்டுத்தான் படுத்தார். விடியப் பார்த்தால்...”

அதற்கு மேல் பேச முடியாமல் மனைவி விம்முவார். “ஒரு நோய் நொடி இல்லாத மனுஷன்” என்று வந்திருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

மரணத்தின் நேரத்தை நாம் அறியமாட்டோம். ஆனால் ‘நோய் நொடி இல்லாத மனுஷன்’ என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் சரியானதல்ல. நோய் இருந்தது. இருபது, முப்பது வருடங்களாகவே இருந்தது. காய்ச்சலோ வலியோ இல்லாததால் வீட்டில் எவருக்கும் அது தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த நோயின் பெயர்தான் இரத்தக் குழாய் தடிப்பு. மாரடைப்பு, பாரிசவாதம் என்று நாம் அஞ்சுகின்ற நோய்களில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

இளமையிலேயே தொடங்கும் நோய்

இது வயோதிபர்களின் நோய் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். கொரிய யுத்தத்தில் உயிரிழந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை இராணுவ வைத்தியர்கள் அறுத்துச் சோதித்து, 1953ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. ஓடியாடித் திரிந்த, கட்டுறுதியான இளைஞர்கள். அப்படியிருந்தும் அவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் இதய நாடிகளில் தடிப்பின் அடையாளங்கள் காணப்பட்டன. வைத்திய உலகம் திடுக்கிட்டது.

ஐம்பது வயதில் வாப்பாவை வீழ்த்தும் நோய், இருபது வயது மகனின் உடம்பில் ஏற்கனவே காலடி வைத்திருக்கலாம் என்பதே இதன் பொருள். இதில் அச்சம் மட்டுமல்ல, ஆறுதலும் இருக்கிறது. இவ்வளவு மெதுவாக வளரும் நோயைத் தடுப்பதற்கு நமக்கு எத்தனையோ வருடங்கள் அவகாசம் கிடைக்கின்றன.

குழாய்க்குள் நடப்பது என்ன?

இதயத்திலிருந்து உடம்பெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களுக்கு நாடிகள் என்று பெயர். ஆரோக்கியமான நாடி இறப்பரைப் போல் விரிந்து சுருங்கும். அதன் உட்புறம் கண்ணாடி போல வழுவழுப்பான மெல்லிய சவ்வினால் மூடப்பட்டிருக்கும்.

புகை, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகைத்த சீனி ஆகியவை இந்தச் சவ்வைப் பழுதாக்குகின்றன. பழுதான இடத்தின் ஊடாக எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்திரோல் நாடிச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. அதை அப்புறப்படுத்த இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் வருகின்றன. கொழுப்பை விழுங்கி விழுங்கி அவையே நுரை போல ஊதி அங்கேயே மடிகின்றன. நாளடைவில் அவ்விடத்தில் கொழுப்புப் பொதி ஒன்று திரள்கிறது. அதன் மேல் நாரால் ஆன மூடி படர்கிறது. பின்னர் கல்சியமும் படிந்து இறுகுகிறது.

இந்நோயின் வைத்தியப் பெயர் அதிரோஸ்கிளிரோசிஸ். இதன் முதற்பாதி ‘கஞ்சி’ அல்லது ‘கூழ்’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பாதி ‘கடினம்’ என்பதைக் குறிக்கிறது. உள்ளே கஞ்சி போன்ற கொழுப்பு, வெளியே கடினமான மூடி. பொருத்தமான பெயர்தான்.

ஏன் திடீரென்று?

தண்ணீர்க் குழாயில் ஊத்தை படிந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுவது போலத்தான் இதுவும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அரைவாசிதான் உண்மை. அப்படிக் குழாய் மெல்ல ஒடுங்கினால் படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வரும், நின்றால் குறையும். காலிலுள்ள நாடி ஒடுங்கினால் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். இவை எச்சரிக்கைகள். இப்படி எச்சரிக்கை கிடைத்தவர் ஒருவகையில் அதிர்ஷ்டசாலி.

பெரும்பாலான மாரடைப்புகள் வருவது வேறு விதமாக. கொழுப்புப் பொதியின் மூடி ஒருநாள் வெடிக்கிறது. உடம்பு அதை ஒரு காயமென்று எண்ணி, அவ்விடத்தில் இரத்தத்தை உறையச் செய்கிறது. சில நிமிடங்களுக்குள் அந்த இரத்தக் கட்டி குழாயை முழுமையாக அடைத்துவிடுகிறது. இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பாரிசவாதம்.

வெடிப்பது பெரிய பொதியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. குழாயில் பாதியைக்கூட அடைக்காத சிறு பொதியும் வெடிக்கலாம். அந்த மனிதருக்கு அதற்கு முந்திய நாள் வரை எந்த வலியும் இருந்திருக்காது. போன மாதம் எடுத்த இ.சி.ஜி.யும் சரியாகவே இருந்திருக்கும். இ.சி.ஜி. இதயத்தின் அன்றைய நிலையைக் காட்டுமேயன்றி, நாடிச் சுவருக்குள் பதுங்கியிருக்கும் கொழுப்பைக் காட்டாது. ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார்’ என்பதன் விளக்கம் இதுவே. நோவு வந்த பிறகு பார்த்துக்கொள்வோம் என்று காத்திருக்க முடியாது என்பதற்கும் காரணம் இதுவே.

நமக்கு ஏன் முந்தி வருகிறது?

52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த பெரும் ஆய்வொன்றின் முடிவுகள் 2004ஆம் ஆண்டு வெளிவந்தன. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாட்டவருக்கு முதலாவது மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடங்கள் முந்தியே வருகிறது என்பது அதில் தெரியவந்தது. உழைத்துக் குடும்பத்தைக் காக்க வேண்டிய வயதில், பிள்ளைகள் படித்து முடிக்குமுன்னர், குமர்ப் பிள்ளைகளைக் கரைசேர்க்குமுன்னர் வருகிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எந்த நாட்டவராயினும் மாரடைப்பு ஆபத்தில் 90 வீதமளவுக்கு எளிதில் அளந்தறியக்கூடிய ஒன்பது காரணிகளே பொறுப்பு. புகைத்தல், கொலஸ்திரோல், பிரஷர், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், மரக்கறியும் பழமும் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை ஆகியவை அவற்றுள் அடங்கும். வயதையும் பரம்பரையையும் நாம் மாற்ற முடியாது. இவற்றை மாற்ற முடியும்.

வயிற்றுப் பருமன் பற்றி ஒரு வார்த்தை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பது நமது பிராந்தியத்தவரின் உடல்வாகு. ஆதலால் நிறையை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. தையல் அளவு நாடா ஒன்றை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நமது பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்டால் அது எச்சரிக்கை.

பெண்களின் நெஞ்சு வலிக்காதா?

மாரடைப்பு ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களின் நாடிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டென்பது மெய்தான். அதன் பின்னர் ஆபத்து வேகமாக ஏறுகிறது. நீரிழிவு உள்ள பெண்ணுக்கு அந்த இளமைக் காலப் பாதுகாப்பும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் பிரஷர் ஏறியதா? அப்போது ‘சீனி’ இருப்பதாகச் சொன்னார்களா? பிரசவத்தோடு அது போய்விட்டது என்று மறந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு உங்களுக்கு ஏனையோரைவிட அதிகம். மருந்தெடுக்கப் போகும்போது டொக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெண்களுக்கும் மாரடைப்பின்போது நெஞ்சு நோவு வருகிறது. ஆனால் பலருக்கு அதைவிட மூச்சு முட்டல், குளிர்ந்த வியர்வை, ஓங்காளம், முதுகிலும் தாடையிலும் நோவு, காரணமில்லாத அசதி ஆகியவையே மேலோங்கி நிற்கும். “வாய்வுப் பிடிப்பாக்கும்” என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, சமைத்த சட்டிகளைக் கழுவப் போய்விடுவார்கள். கணவருக்கு இலேசாக நெஞ்சு நொந்தால் ஊரையே கூட்டும் அதே பெண், தனக்கு வந்தால் எவரிடமும் சொல்வதில்லை. இந்த மறைப்பு பல தாய்மாரின் உயிரைக் குடித்திருக்கிறது.

ஒரு மாகாணத்தையே மாற்றிய இல்லத்தரசிகள்

பின்லாந்து நாட்டின் கிழக்கே வட கரேலியா என்றொரு மாகாணம் உண்டு. காட்டு மரம் வெட்டுவதும் பால் பண்ணையும் அங்குள்ளவர்களின் தொழில். 1960களின் பிற்பகுதியில் நடுத்தர வயது ஆண்களின் மாரடைப்பு மரணங்கள் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. கடினமாக உழைத்தவர்கள்தாம். ஆனால் ரொட்டியில் கட்டியாக வெண்ணெய், குடிக்கக் கொழுப்புப் பால், கொழுத்த இறைச்சி, நிறைய உப்பு, கையில் ஓயாத சிகரெட். மரக்கறி அவர்களுடைய மேசைக்கு வருவது அபூர்வம்.

1971ஆம் ஆண்டு அம்மக்கள் தமது அரசாங்கத்திடம் உதவி கோரி மனுக் கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியரின் தலைமையில் தடுப்பு வேலை தொடங்கியது. புதிய ஆஸ்பத்திரி கட்டி இதைத் தீர்க்க முடியாது, குசினியை மாற்ற வேண்டும் என்று அவர் கண்டார். மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கம் அவருக்குத் தோள்கொடுத்தது. அப்பெண்கள் ஊர் ஊராகக் கூடி, தமது பாரம்பரியக் கறிகளையே கொழுப்பும் உப்பும் குறைத்து, மரக்கறி சேர்த்துச் சமைத்துப் பரிமாறினார்கள். ருசி கெடவில்லை என்று கணவன்மார் நாவினாலேயே அறிந்துகொண்டார்கள். எந்த ஊர் கொலஸ்திரோலை அதிகம் குறைக்கிறது என்று ஊர்களுக்கிடையில் போட்டியும் நடந்தது.

சுமார் நாற்பது வருடங்களில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணங்கள் 80 வீதத்துக்கும் மேல் குறைந்தன. மருந்துகளும் நவீன சிகிச்சையும் இதற்கு ஓரளவு உதவின. ஆனால் பெரும் பங்கு, கொலஸ்திரோலும் பிரஷரும் புகைத்தலும் குறைந்ததால் கிடைத்தது.

சகோதரிகளே! வெண்ணெயிலேயே பிறந்து வளர்ந்தவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நமது குசினியில் என்ன செய்யலாம்?

புரியாணியையும் வட்டிலப்பத்தையும் இனித் தொடக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. பெருநாளைக்கும் வலீமாவுக்கும் உண்பது பெருநாளைக்கும் வலீமாவுக்கும் மட்டும் இருக்கட்டும். நாடிகளைக் கெடுப்பது பெருநாள் சாப்பாடல்ல, நாளாந்தச் சாப்பாடு.

எண்ணெய்: ‘கொலஸ்திரோல் இல்லை’ என்று எண்ணெய்ப் போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தாவரங்கள் எதிலுமே சொல்லத்தக்க கொலஸ்திரோல் கிடையாது. இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலில் பெரும் பகுதியை நமது ஈரலே உற்பத்தி செய்கிறது. நெய், வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு, பாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றிலுள்ள நிறைந்த கொழுப்பு, கெட்ட கொலஸ்திரோலின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் அதைக் கூடுதலாக ஏற்றுகிறது. எந்த எண்ணெயானாலும் அளவாகப் பாவியுங்கள். போத்தலைச் சரித்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றும் பழக்கம் ஒன்றே பெரிய மாற்றத்தைத் தரும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள்.

தேங்காய்: தேங்காயை அடியோடு விடத் தேவையில்லை. எல்லாக் கறிக்கும் கட்டிப்பால் விடும் வழக்கத்தை மாற்றி, சொதிக்கும் பருப்புக்கும் இரண்டாம் பாலைக் கொண்டு ஒப்பேற்றலாம். ஒரு வேளைக்குப் பால் கறி ஒன்று போதும். மற்றவை மல்லுங்கள், வறைகள், சலாதுகளாக இருக்கட்டும்.

இறைச்சி: சமைக்குமுன் வெள்ளைக் கொழுப்பை வெட்டி எறியுங்கள். கோழியின் தோலை உரித்துவிடுங்கள். குர்பான் இறைச்சி வந்தால் ஈரலும் பாபத்தும் நாள் கணக்கில் ஓடுவது நமது வழக்கம். சிறு பங்காக எடுத்து மீதியை அயலவருக்குக் கொடுப்பதில் நன்மை இரட்டிப்பு. கிழமையில் இரண்டு மூன்று நாட்களாவது இறைச்சிக்குப் பதிலாக மீன் சமையுங்கள். சாளை, சூடை போன்ற மலிவான சிறு மீன்களில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறைய உண்டு. பொரிக்காமல் ஆணமாக்கினால்தான் அந்தப் பலன்.

உப்பு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே உப்பு இருக்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 750 கிராம் என்று கணக்கு வருகிறது. அதற்குள் பாண், கருவாடு, அச்சாறு, சூப் கட்டி ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் அடங்கும். மாதத்துக்கு எத்தனை பைக்கற் உப்பு வாங்குகிறீர்கள் என்று பார்த்தால் உங்கள் வீட்டின் நிலை புரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும். தேசிக்காயும் மிளகும் உப்பின் குறையை மறைக்கும்.

சோறும் சீனியும்: பீங்கானில் அரைப்பங்கு மரக்கறியும் கீரையும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ பருப்போ என்று பழகுங்கள். தீட்டாத சிவப்பரிசி நல்லது. தேநீரில் சீனியை இன்று அரைக் கரண்டி குறைத்தால், அடுத்த மாதம் இன்னும் அரைக் கரண்டி குறைக்கலாம்.

நோன்பு காலம்: ரோல்ஸ், பெட்டிஸ், சமோசா, கட்லட் என்று முப்பது நாளும் பொரித்தவற்றால் நோன்பு திறப்பதனால், நோன்பு முடியும்போது நிறை கூடியவர்கள் நம்மில் பலர். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, பழம் இவையே போதும். பொரித்தது வேண்டுமென்றால் கிழமையில் ஓரிரு நாள். நீரிழிவுக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள், நோன்பு தொடங்கச் சில வாரங்கள் முன்பே டொக்டரைச் சந்தித்து, மாத்திரையின் நேரத்தையும் அளவையும் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

புகையும் நடையும்

புகைத்தலை விட்ட ஒரு வருடத்தில், அதனால் வரும் இதய நோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதைக் கணவருக்கும் மகனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்தவர் விடும் புகையைத் தினமும் சுவாசிக்கும் மனைவி மக்களுக்கும் இதய நோய் ஆபத்து கால்பங்கு அளவு கூடுகிறது. வீட்டுக்குள் புகைக்க இடமில்லை என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடும் உம்மம்மாமாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

கிழமைக்கு 150 நிமிடங்கள் வேகமாக நடக்க வேண்டும். நாளைக்கு அரை மணி நேரம் என்று ஐந்து நாட்கள். வெளியில் நடக்க வசதியில்லாதவர்கள் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். அயலிலுள்ள நான்கு பெண்கள் சுபஹுக்குப் பிறகு ஒன்றாக நடக்கத் தொடங்கினால், துணையும் கிடைக்கும், நடையும் தொடரும்.

பரிசோதனையும் மாத்திரையும்

35 வயது கடந்தவர்கள், நோவு இல்லாவிட்டாலும், பிரஷர், சீனி, கொலஸ்திரோல் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். பிரஷர் தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் அழுத்தம். வெறும் வயிற்றில் சீனி 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். 100 முதல் 125 வரை அதன் வாசற்படி. கொலஸ்திரோலில் மொத்தத் தொகையைவிட எல்.டி.எல். அளவையே கேட்டறியுங்கள். பொதுவாக அது 100க்குக் கீழ் இருப்பது நல்லது. ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கு 70க்கும் கீழே இறக்க வேண்டும்.

கொலஸ்திரோலுக்கு மாத்திரை எழுதித் தருகிறார்கள். மூன்று மாதத்தில் இரத்தப் பரிசோதனை சரியாக வருகிறது. “இனி எதற்கு மாத்திரை?” என்று நிறுத்திவிடுகிறார்கள். அளவு சரியாக வந்தது மாத்திரையினால்தான். நிறுத்தினால் திரும்ப ஏறும். இம்மாத்திரைகள் கொழுப்புப் பொதியின் மூடி வெடிக்காமல் உறுதியாக்கவும் உதவுகின்றன. கை கால் உளைவு இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரையோ அளவோ தருவார். கர்ப்பமானால் அல்லது கர்ப்பமாக எண்ணினால் அதையும் உடனே சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவரும் பைபாஸ் செய்தவரும் கூட நோய் குணமாகிவிட்டதென்று இருந்துவிடக் கூடாது. ஓர் அடைப்பு நீங்கியதே தவிர நோய் நீங்கவில்லை.

அந்த நேரம் வந்தால்...

நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை, மூச்சு முட்டல் ஆகியன வந்து சில நிமிடங்களில் தணியாவிட்டால், வாய்வென்று எண்ணெய் தடவிக் கொண்டிருக்க வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தூக்க முடியாமல் விழுந்தால், நாக்குக் குழறினால் அது பாரிசவாதம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நோயாளியை நடக்க விடாதீர்கள். நெஞ்சு நோவு வந்தவருக்கு அஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக் கசிவோ இல்லாவிட்டால், 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் செய்யலாம். பாரிசவாதத்துக்கு அதைக் கொடுக்கக் கூடாது. நோவு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரிசவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். மாரடைப்பிலும் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது.

இறுதியாக ஒன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, சட்டியில் எஞ்சிய எண்ணெயும் அடிக்கறியும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது நமது தாய்மாரின் வழக்கம். கணவரின் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத் தனக்கென்று ஒரு கொப்பி இருக்காது. இந்த மாதம் அவரை கிளினிக்குக் கூட்டிச் செல்லும்போது, உங்கள் கையையும் நீட்டிப் பிரஷரைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரின் நாடிகளும் உங்கள் கையால் சமைத்ததை உண்டே வாழ்கின்றன. அந்தக் கையும் நீண்ட நாள் நலமாயிருக்க வேண்டும்.